ஈசுவர வருஷத்துப் பத்திரம்: விற்றவர் எங்கள் ஆளா, வாங்கினவர் எங்கள் ஆளா?

காங்கேயத்துப் பேத்தி

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்களுக்குக் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பழைய சாளையைப் பிரித்துக் கட்ட அட்டாலிப் பரணை ஒழித்தபோது அப்பாருவின் (தாத்தாவின்) தகரப்பெட்டி அகப்பட்டது. உள்ளே கிஸ்தி (நிலவரி) ரசீதுகள், ஒரு பாகப்பத்திரம், அப்புறம் பழுப்பேறின முத்திரைத்தாள் ஒன்று. அந்த முத்திரைத்தாளைத்தான் என்னால் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. படிக்க முடிந்ததை எழுதுகிறேன். ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டுப் புள்ளி வைத்திருக்கிறேன்.

"ஈசுவர ௵ தை ௴ ௰௮ ௳ தாராபுரம் தாலூகா ...... கிராமத்திலிருக்கும் லேட் ...... இளையாள் குமாரர் ...... ஷையூரிலிருக்கும் ...... குமாரர் ...... அவர்களுக்கு யெழுதிக்கொடுத்த நிலக்கிரய சாதனம் யென்னவென்றால், யெனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு யென்னனுபோகத்திலிருக்குற மேல்காட்டில் வள்ளம் ௧ம் ஷை பூமியில் வெட்டியிருக்குற கிணத்தில் காலே அரைக்கால் பாகமும் கவலை முறையும், நாளது பஞ்சகாலத்தில் யெருது நஷ்டமாய்ப்போய் வித்துக்கும் குடும்ப சம்ரட்சணைக்கும் வேண்டி ௹ ௱௨௰க்கு தங்களுக்கு சுத்தக்கிரயம் செய்து... இதற்கு யெல்கை இட்டேரிக்குத் தெற்கு ஷையார் தம்பி காட்டுக்கு வடக்கு... நிதி நிட்சேப சல பாஷாண அட்சீணி ஆகாமிய சித்த சாத்தியமென்னும் அஷ்டபோக தேஜ சுவாமியங்களும்..."

குழப்பம் என்னவென்றால், விற்றவர், வாங்கினவர் இரண்டு பேருக்கும் ஒரே பெயர். அந்தப் பெயர் எங்கள் அப்பாருவின் தாத்தா பெயரும்கூட. எங்கள் ஆள் யார்? ஈசுவர வருஷம் என்று தேடினால் 1877 என்றும் வருகிறது, 1937 என்றும் வருகிறது. எது? இந்த ஷையார் யார்? அவருடைய தம்பிக்குக் காடு இருந்திருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் சித்தப்பா பையன் 'நிதி நிட்சேபம்' என்ற இடத்தைப் பார்த்துவிட்டு, மேல்காட்டில் புதையல் இருக்கிறது, மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் ஏதாவது பதில் சொல்லுங்கள்.

முத்திரைத்தாள்

அம்மிணி, முத்திரைத்தாள் என்று பெயர் வைத்துக்கொண்டு இங்கே எழுதுகிற நான் தாராபுரம் பக்கம் பத்திர எழுத்தராக இருந்து ஓய்ந்தவன். எங்கள் அப்பாவுக்கும் அதே தொழில். இந்த மாதிரித் தாள்களோடுதான் வளர்ந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய பத்திரம் கையில் கிடைத்தால் எல்லாரும் புரியாத வார்த்தையை ஒவ்வொன்றாய்ப் பிடித்துக்கொண்டு அகராதி தேடுவார்கள். அது வீண் வேலை. புரியாத வார்த்தையில் முக்கால்வாசி எழுதினவருடைய வாய்ப்பாடு. யார் வந்து உட்கார்ந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார். உங்கள் குடும்பத்துச் சங்கதி இருப்பது வாய்ப்பாடு விட்டுப்போகும் இடங்களில். அதெல்லாம் எளிய தமிழில்தான் இருக்கும், அதனால்தான் கண்ணில் படாது.

உங்கள் தம்பியின் புதையலே அதற்கு உதாரணம். நிதி, நிட்சேபம், சலம், பாஷாணம், அட்சீணி, ஆகாமியம், சித்தம், சாத்தியம் எட்டும் அஷ்டபோகம். பூமிக்குள் இருக்கிற புதையல், வைப்பு, தண்ணீர், கல், நிலைத்து வருகிற பலன், இனி வரப்போகிற பலன், இப்போது கைக்கு வந்தது, முயன்றால் வரக்கூடியது. எல்லா உரிமையும் உனக்கே, எனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதை நீட்டி முழக்குவது. விஜயநகர காலத்துச் செப்பேடுகளில் இருந்தே இந்த வரி வருகிறது. வெங்கச்சாங்கல்லைத் தவிர ஒன்றும் விளையாத காட்டுக்கும் இதை எழுதியிருக்கிறார்கள். டிடெக்டர் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஷையார் ஒரு ஆள் இல்லை. ஷை என்றால் மேற்படி. சிலர் ௸ என்று குறி போடுவார்கள், சிலர் ஷை என்று எழுதுவார்கள். ஷையூர் என்றால் மேலே சொன்ன ஊர், ஷையார் என்றால் மேலே சொன்னவர். உங்கள் பத்திரத்தில் அந்த இடத்துக்குச் சற்று முன்னால் யார் பேச்சு வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் விட்டுவிட்ட வரி அங்கேதான் இருக்கிறது, அதையும் எழுதிப் போடுங்கள்.

எல்லை படிக்கும்போது ஒன்று கவனியுங்கள். இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலி இருக்கிற வண்டித்தடம். 'இட்டேரிக்குத் தெற்கு' என்றால் நம் பூமி இட்டேரிக்குத் தெற்கே இருக்கிறது. அதாவது இட்டேரி நமக்கு வடக்கே. இதைத் திருப்பிப் படித்துவிட்டு, பூமியே மாறிப்போய்விட்டது என்று கேஸ் போடப் புறப்பட்டவர்களை எனக்குத் தெரியும். எல்லைக்காரர் பெயரை ஒருக்காலும் தள்ளாதீர்கள். பங்காளிகள் பிரித்த காடு பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கும். நாலு எல்லையில் குறைந்தது இரண்டிலாவது பங்காளி பெயர் இருக்கும்.

இனி வருஷம். அறுபது வருஷச் சக்கரத்தில் ஈசுவர பதினொன்றாவது. 1877 சித்திரையில் பிறந்தது ஒன்று, 1937 சித்திரையில் பிறந்தது ஒன்று. தை மாதம் என்பதால் ஆங்கில வருஷம் ஒன்று கூடும், 1878 ஜனவரி கடைசி அல்லது 1938 ஜனவரி கடைசி. முத்திரைத்தாளின் தலையில் அச்சடித்திருக்கிற தலையைப் பாருங்கள். பெண் தலை என்றால் விக்டோரியா ராணி, 1878. மீசை தாடி இல்லாத ராஜா என்றால் ஆறாம் ஜார்ஜ், 1938. தலை கிழிந்து போயிருந்தாலும் நான் 1878 என்றே சொல்வேன். காரணம், 'நாளது பஞ்சகாலத்தில்' என்று எழுதியிருக்கிறது. நாளது என்றால் இப்போது நடக்கிற. தாது வருஷம் 1876இல் மழை பொய்த்தது, ஈசுவர வருஷத்திலும் ஓயவில்லை. நம் கோயமுத்தூர் ஜில்லாவில் ஆளும் மாடும் செத்த பஞ்சம் அது. அதோடு சர்வே நெம்பர் ஒன்றும் இல்லாமல் வள்ளம் என்கிற நாட்டு நில அளவு மட்டும் எழுதியிருப்பது, நிலத்தை அளந்து வரி போட்ட செட்டில்மெண்ட் முடியும் முந்தின காலத்து வழக்கம். 1938இல் நெம்பர் இல்லாமல் பத்திரம் எழுதுவது அபூர்வம்.

விலை ௱௨௰ என்பது 120 ரூபாய். நூறு, அப்புறம் இரண்டு பத்து. எழுத்தாகப் படித்தால் 'ளஉய' என்று தெரியும். ௫ 'ரு' மாதிரியும் ௬ 'சு' மாதிரியும் இருக்கும், கவனம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் போன நிலக்கிரயத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று அப்போதே சட்டம். அதனால் உங்கள் தாளின் பின்பக்கத்தில் பதிவு எழுத்து இருந்தாக வேண்டும். (தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று விலை போட்டுப் பதிவைத் தப்பின பத்திரங்கள் ஊர்ப்பட்டது உண்டு.)

உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். பத்திரம் யார் வீட்டில் இருக்கும்? வாங்கினவர் வீட்டில். விற்றவருக்குப் பணம், வாங்கினவருக்குத் தாள். எனவே முதல் ஊகம், உங்கள் ஆள் வாங்கினவர், அதாவது 'அவர்களுக்கு' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பவர். ஆனால் ஒரு விலக்கு உண்டு. அதே பூமியை விற்ற குடும்பமே பின்னால் திரும்ப வாங்கியிருந்தால் இந்தத் தாள் மூலப்பத்திரமாகக் கூடவே திரும்பி வந்திருக்கும். பெட்டியில் பாகப்பத்திரம் இருக்கிறது என்றீர்களே, அதில் சொத்து விவரத்தில் மேல்காடு எப்படி வந்தது என்று எழுதியிருப்பார்கள். 'பிதுரார்ஜிதம்' என்றால் தகப்பன் வழியில் வந்தது. 'கிரயம் பெற்றது' என்றால் வாங்கினது, எந்த வருஷத்தில் என்பதும் முக்கியம். அதைப் பாருங்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதில் அதிசயம் இல்லை. நம் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். அண்ணன் மகன் ஒருத்தன், தம்பி மகன் ஒருத்தன், இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா, ஒரே பெயர். அதனால்தான் பத்திரத்தில் தகப்பன் பெயரை விடவே மாட்டார்கள். உங்கள் பத்திரத்தில் இன்னும் ஒரு படி போய் 'இளையாள் குமாரர்', அதாவது இரண்டாம் சம்சாரத்தின் மகன், என்று எழுதியிருக்கிறது. அது வாய்ப்பாடு இல்லை. விற்றவருடைய தகப்பனுக்கு மூத்தாள் ஒருத்தி இருந்திருக்கிறாள், அவளுக்கும் வாரிசு இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதினவர் அந்த வார்த்தைக்கு மையைச் செலவழித்திருக்க மாட்டார்.

எருது நஷ்டமான வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'குடும்ப சம்ரட்சணைக்கு' என்பது வாய்ப்பாடு. கூட்டுக்குடும்பத்துச் சொத்தைப் பெரியவர் விற்றால் குடும்பத்து அவசியத்துக்காக விற்றேன் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு மகன் வந்து செல்லாது என்பான். அதனால் கடன் இல்லாதவன் பத்திரத்திலும் அந்த வரி இருக்கும். ஆனால் 'யெருது நஷ்டமாய்ப்போய் வித்துக்கும்' என்பது அந்த மனிதர் சொல்லி எழுதினது. எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கிற கவலைக்கு எருது இல்லை, விதைக்க வித்து இல்லை. கிணற்றில் பங்கு இருந்து என்ன செய்ய?

கரூர் வண்டி

ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். நான் கிஸ்தி ரசீதைப் பற்றி மட்டும். அதில் பசலி (ஜூலையில் தொடங்குகிற வரி வருஷம்) என்று போட்டு நாலு இலக்க எண் இருக்கும். 590 கூட்டுங்கள். பசலி 1318 என்றால் 1908 ஜூலை முதல் 1909 ஜூன் வரை. அந்த ரசீதுகளை வருஷ வரிசையில் அடுக்கி, பட்டாதாரர் பெயர் எந்தப் பசலியில் மாறுகிறது என்று பாருங்கள். ஆனால் பெயர் மாறின வருஷத்தை இறந்த வருஷம் என்று எழுதி வைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் செத்துப்போன பாட்டன் பெயரிலேயே ஒரு தலைமுறை கிஸ்தி கட்டியிருக்கிறார்கள். மணியகாரரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இன்னொன்று, பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர் கரூர்ப் பக்கம் என்றால் 1910 வரை கரூர் கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் திருச்சிராப்பள்ளி ஜில்லா. பழைய காகிதத்தில் 'கோயமுத்தூர் ஜில்லா கரூர் தாலூகா' என்று பார்த்தால் எழுதினவர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

அமராவதிக்கரை

எழுத்துப் பிடிபடவில்லை என்கிறவர்களுக்கு ஒரு வழி. பழைய கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், வார்த்தைக்கு வார்த்தை இடம் விட மாட்டார்கள், எ-ஏ, ஒ-ஓ வித்தியாசம் காட்ட மாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். லை, ணை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய வடிவம் (1978 அரசாணைக்கு அப்புறம்தான் இப்போதைய வடிவம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது). கண்ணால் படித்தால் நகராது. வாய்விட்டு, நிறுத்தாமல், ஒப்பாரி மாதிரி இழுத்துப் படியுங்கள். காது பிரித்துக் கொடுத்துவிடும். வீட்டில் எழுபது தாண்டின பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்க வைத்துப் படியுங்கள், பாதி வார்த்தை அவர்கள் வாயில் இன்னும் இருக்கும்.

முத்திரைத்தாள் ஐயாவுக்கு ஒரு கேள்வி. வள்ளம் எத்தனை ஏக்கர் என்று நீங்கள் சொல்லவில்லையே? எங்கள் பக்கம் நாலு ஏக்கர் என்பார்கள்.

முத்திரைத்தாள்

வேண்டுமென்றுதான் விட்டேன். சுமார் நாலு ஏக்கர் என்பதே என் கணக்கும், ஆனால் ஊருக்கு ஊர் கூடக்குறைய இருக்கும். அதே பூமிக்குச் சர்வே நெம்பர் வந்த பிறகு எழுதின பத்திரத்தைத் தேடிப்பிடித்து, அதில் இருக்கிற ஏக்கர் செண்டை இந்த வள்ளத்தோடு ஒப்பிட்டால் அவர்கள் ஊர் வள்ளம் எவ்வளவு என்று அவர்கள் காகிதமே சொல்லிவிடும்.

காங்கேயத்துப் பேத்தி

ரொம்ப நன்றிங்க. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலை பாதி அரித்துப்போய்விட்டது, ஆனால் கொண்டை தெரிகிறது. ராணிதான். பின்பக்கம் முத்திரைத்தாள் விற்றவர் எழுதின குறிப்பும் இருக்கிறது, தேதி ஆங்கில எண்ணில் 1878. அதற்குக் கீழே பதிவு எழுத்து, புஸ்தகம் 1 என்பது வரை தெளிவாக இருக்கிறது. விற்றவர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு கோடு மட்டும் கிழித்து, பக்கத்தில் வேறு கையில் 'ஷையார் கைக்கீறல்' என்று எழுதியிருக்கிறது. இப்போது எனக்கே புரிந்தது.

விட்டுப்போன வரியில், விற்றவருடைய தகப்பனாரின் 'மூத்தாள் குமாரர்' பெயர் வருகிறது. உடனே 'ஷையார் தம்பி காட்டுக்கு வடக்கு'. அப்படியென்றால் தெற்கே இருந்தது மூத்தாள் மகன் ஒருத்தருடைய காடு என்று எடுத்துக்கொள்கிறேன். சரிதானே?

பாகப்பத்திரத்தையும் பிரித்துவிட்டேன். அது விரோதிகிருது வருஷம், 1911. அதில் 'மேல்காடு பூமி எங்கள் பிதா ஈசுவர வருஷத்தில் கிரயம் பெற்றது' என்று கண்ணாடி மாதிரி எழுதியிருக்கிறது. ஆக நாங்கள் வாங்கினவர் வகையறா.

இதில் ஒரு சங்கடம். தாது வருஷப் பஞ்சத்தில் நாங்கள்தான் காட்டை விற்று உயிர் பிழைத்தோம் என்று ஆத்தா கதை சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் அதுதான் வேதவாக்கு. விற்றவர் வகையறா இன்றைக்கும் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள், நோம்பி நொடிக்கு ஒறம்பரை மாதிரி வந்து போகிறவர்கள். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டுராத" என்று மட்டும் சொன்னார். அவர் இருக்கிற குடும்பக் குழுவில் அவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. கிணற்றில் 'காலே அரைக்கால்' என்றால் கால் பங்கில் அரைக்காலா, இரண்டையும் கூட்டுவதா?

முத்திரைத்தாள்

கூட்டுவதுதான். கால், அதோடு அரைக்கால். எட்டில் மூன்று. கவலை முறை என்று சேர்த்து எழுதியிருப்பதால் எட்டு நாள் முறையில் மூன்று நாள் தண்ணீர் என்று நடத்தியிருப்பார்கள். கால் ஒரு வழியில் வந்தது, அரைக்கால் இன்னொரு வழியில் வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. எட்டில் மூன்றைச் சொல்கிற முறையே அதுதான்.

தெற்கு எல்லை நீங்கள் எடுத்துக்கொண்டது சரி.

வீட்டுக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தா சொன்னதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் அப்பாருவின் தாத்தா வாங்கினவர், சரி. அவர் பெண்சாதி எந்த வீட்டுப் பெண்? அவர் அம்மா எந்த வீடு? கதை பெண்கள் வழியில் வந்திருந்தால் விற்றது அவர்கள் பிறந்த வீடாக இருக்கலாம். வேறு ஊர்க் காடாகவும் இருக்கலாம். ஆத்தாவின் பிறந்த ஊர் எது என்று அப்பாவிடம் கேட்டு, அந்த எல்லையைச் சேர்ந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் 1877, 1878 இரண்டு வருஷத்துக்கும் பெயர் இண்டெக்ஸைத் தேடச் சொல்லி மனு கொடுங்கள். எழுதிக்கொடுத்தவர் பெயரும் எழுதிவாங்கினவர் பெயரும் அதில் முதலெழுத்து வரிசையில் இருக்கும். பஞ்ச வருஷம் என்பதால் பக்கம் நிறைய இருக்கும், பொறுமை வேண்டும்.

உங்கள் ஊர் இண்டெக்ஸைப் பார்க்கும்போது சொத்து வாரியான இரண்டாவது இண்டெக்ஸையும் கேளுங்கள். அந்தக் கிணற்றில் மீதி எட்டில் ஐந்து வேறு யாரிடமாவது இருந்திருக்கும். அதே ஊர், மேல்காடு, கிணற்றில் 'அரையே அரைக்கால் பாகம்' என்று ஒரு பத்திரம் கிடைத்தால் அது மூத்தாள் வகையறாவுடையதாக இருக்கலாம். அதை எழுதிப் போடுங்கள், படித்துத் தருகிறேன்.